கார்ப்பெட் பைத்தானுக்குக் குளிர்காலம்: கேள்வி பதில்

ஏப்ரல் முடிந்து சிட்னியில் ராத்திரி குளிர ஆரம்பித்தாலே பைத்தான், அதாவது மலைப்பாம்பு, வளர்க்கிறவர்களுக்கு ஒரு பதற்றம் வந்துவிடும். கேட்டு வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் வளர்ப்பது கார்ப்பெட், டயமண்ட் என்ற ஆஸ்திரேலிய வகைகள் (கோஸ்டல், ஜங்கிள் என்பவை கார்ப்பெட்டின் உள்வகைகள்), அதனால் பெரும்பாலும் அவற்றை வைத்தே பேசுவேன்.

அண்ணா, என்னிடம் ஒன்றரை வயது கோஸ்டல் கார்ப்பெட் இருக்கிறது. கட்டாயம் கூலிங் (குளிர்காலத்தில் கூண்டுச் சூட்டை வேண்டுமென்றே குறைத்து வைப்பது) பண்ண வேண்டுமா?

வேண்டாம் தம்பி. முட்டை எடுக்கிற எண்ணம் இருப்பவர்களுக்குத்தான் அது தேவை, ஏனென்றால் பல வகைகளில் குளிரும் சூடும் மாறி வந்தால்தான் ஆணும் பெண்ணும் இணை சேரத் தயாராகின்றன. செல்லமாக மட்டும் வளர்க்கிறவர் ஆண்டு முழுக்க ஒரே சூட்டில் வைத்தால் கோஸ்டலுக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஒன்றரை வயது இன்னும் வளர்கிற வயசு. மெலிந்தது, செள்ளு பிடித்தது, சமீபத்தில் நோய் வந்தது எதையும் குளிரில் விடவே கூடாது.

இரை கொடுப்பதை எப்போது நிறுத்துவது? ஒரே வாரம் போதும் என்கிறார்களே?

போதாது. எல்லாக் கேள்வியிலும் இதுதான் முக்கியம். பாம்புக்கு உடம்பில் சொந்தச் சூடு கிடையாது, வெளிச்சூடு இருந்தால்தான் செரிமானமே நடக்கும். வயிற்றில் எலி இருக்கும்போது சூட்டைக் குறைத்தால் எலி செரிக்காமல் உள்ளேயே அழுகும், பாம்பு கக்கும், மோசமாகப் போனால் செத்தும் போகும். குளிரால் போனது என்று சொல்லப்படுகிற பாம்புகளில் பலவும், என் கணக்கில், வயிறு காலியாகும் முன்னே குளிருக்குள் தள்ளப்பட்டவைதான். கடைசி இரைக்குப் பிறகு குறைந்தது மூன்று வாரம் பழைய சூட்டிலேயே விடுங்கள். நாள்காட்டியை மட்டும் நம்பாமல் கூண்டையும் பாருங்கள்: பழுப்பு எச்சமும் கூடவே சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையும் விழுந்திருக்க வேண்டும். கார்ப்பெட்டுகள் சில நேரம் வாரக்கணக்கில் அடக்கி வைத்துக்கொள்ளும், விழும்வரை பொறுங்கள்.

அப்புறம் ராத்திரிச் சூட்டைச் சில நாளுக்கு ஒருமுறை இரண்டு டிகிரியாகக் குறைத்து, கோஸ்டல், ஜங்கிள் வகைகளுக்கு 18 முதல் 20 வரை கொண்டுவந்து நிறுத்துங்கள். பகலில் நாலைந்து மணி நேரம் ஒரு மூலையில் 30 டிகிரி கிடைத்தே ஆகவேண்டும். காட்டிலும் அது குளிர்காலம் முழுக்கத் தூங்குவதில்லை, வெயில் வந்தால் வெளியே வந்து சுருண்டு கிடக்கும்.

டயமண்ட் பைத்தானுக்கும் இதே அளவா?

இல்லை. உலகத்தில் மிகத் தெற்கே வாழும் பைத்தான் அதுதான், நியூ சவுத் வேல்ஸ் கடலோரம் தொடங்கி விக்டோரியாவின் கிழக்கு மூலை வரைக்கும் இருக்கிறது. ராத்திரி 12, 15 டிகிரி எல்லாம் அதற்குச் சாதாரணம். சொல்லப்போனால் இதில் தப்பு மறுபக்கம்தான் நடக்கிறது: வருஷம் முழுக்கச் சூடு, இடைவிடாத தீனி. எலும்பும் தசையும் பலவீனமாகிற டயமண்ட் சிண்ட்ரோமுக்கு இந்த வளர்ப்பு முறையைத்தான் பலரும் சந்தேகிக்கிறார்கள். ஆகவே முட்டை எடுக்காவிட்டாலும் டயமண்டுக்கு மட்டும் குளிர்காலத்தைக் காட்டுங்கள்.

டொரோண்டோவில் பால் பைத்தான் (ball python) வைத்திருக்கிறேன், இரண்டு மாதமாகச் சாப்பிடவில்லை. கூலிங்கில் போடட்டுமா?

வேண்டவே வேண்டாம். அது கானா, டோகோ, பெனின் பக்கத்துப் பாம்பு, நிஜமான குளிரையே பார்த்ததில்லை. சூடான பக்கம் 31, 32, மறுபக்கம் 25, 26 இருக்கட்டும். வளர்ந்த ஆண்கள் குளிர்மாதங்களில் இரையை மறுப்பது ரொம்பச் சகஜம். சமையலறைத் தராசில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை போடுங்கள், பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவரிடம் போங்கள். வீட்டு ஹீட்டர் காற்றை உலர்த்திவிடும், ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம் வருகிறது, பயமாக இருக்கிறது.

முதலில் கண்ணைப் பாருங்கள் சகோதரி. நீலம் பூத்து மங்கியிருந்தால் சட்டை உரிக்கப் போகிறது, மூக்குத் துளையில் பழைய தோல் ஒட்டிக்கொண்டு விசில் அடிக்கும், உரித்ததும் போய்விடும். ஆனால் மூக்கில் குமிழ், வாயோரம் கோழை, தலையை மேலே தூக்கி வாயைத் திறந்தே வைத்திருப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் அது நுரையீரல் தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே கூலிங்கை நிறுத்தி வழக்கமான சூட்டுக்குக் கொண்டுவந்து, ஊர்வன பார்க்கிற மருத்துவரிடம் காட்டுங்கள். சூட்டிலேயே சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம்.

சாப்பிடாத பாம்புக்குத் தண்ணீர் எதற்கு?

இரை இல்லாமல் மாதக்கணக்கில் தாங்கும், தண்ணீர் இல்லாமல் தாங்காது. கவிழாத கனமான கிண்ணத்தில் எப்போதும் இருக்கட்டும். ஆனால் தரை காய்ந்தே இருக்க வேண்டும். குளிரும் ஈரமும் சேர்ந்தால் வயிற்றுச் செதில் அழுகும்.

திருச்சியில் நம்ம ஊர் மலைப்பாம்பை இப்படி வளர்க்கலாமா?

கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இங்கே ஆஸ்திரேலியாவிலும் மாநில உரிமம் வாங்கித்தான் வளர்க்கிறோம்.

எப்போது பழையபடி சூட்டை ஏற்றுவது?

ஆகஸ்ட் நடுவில் தொடங்குங்கள், இறக்கிய அதே வேகத்தில் ஏற்றுங்கள். முழுச் சூட்டில் ஒரு வாரம் இருந்த பிறகு, வழக்கமாகக் கொடுப்பதில் பாதி அளவு எலி ஒன்று. பெண் பாய்ந்து பிடிக்கும். ஆணுக்கு அப்போது இணை நினைப்புதான், எலியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டால் எடுத்துவிட்டு இரண்டு வாரம் கழித்து மறுபடி காட்டுங்கள்.