ஜூரி முறையைக் கொண்டுவந்தது மேக்னா கார்ட்டாவா?

கேள்வி: நான் சட்டக் கல்லூரி முதலாம் ஆண்டு மாணவி. இங்கிலாந்து சட்ட வரலாற்றுத் தேர்வில், ‘1215 மேக்னா கார்ட்டாவின் 39ஆவது பிரிவால்தான் ஜூரி விசாரணை வந்தது’ என்று எழுதினேன். மதிப்பெண் தரவில்லை. எப்படி எழுதியிருக்க வேண்டும்?

பதில்: வருடம் சரிதான் அம்மா, காரணம்தான் வேறு.

மேக்னா கார்ட்டா, பிரபுக்கள் கேட்டு ஜான் மன்னர் ஒப்புக்கொண்ட உரிமைச் சாசனம். அதன் 39ஆவது பிரிவு, சுதந்திர மனிதன் யாரையும் அவனுக்கு நிகரானவர்களின் தீர்ப்போ நாட்டின் சட்டமோ இல்லாமல் சிறையில் அடைக்கக் கூடாது என்கிறது. பிரபுக்களைப் பிரபுக்களே விசாரிக்க வேண்டும் என்பதுதான் அன்றைய கோரிக்கை. அதில் ஜூரியை, அதாவது சத்தியம் செய்து தீர்ப்பு சொல்லும் சாதாரண மக்கள் குழுவை, தேடாதீர்கள்.

1166-லிருந்து தொடங்குங்கள். மன்னர் இரண்டாம் ஹென்றி பிறப்பித்த கிளாரண்டன் ஆணைப்படி, ஒவ்வொரு வட்டாரத்திலும் 12 பேர், ஒவ்வொரு ஊரிலும் 4 பேர் சத்தியம் செய்து, கொள்ளையர், கொலைகாரர், திருடர் என்று சந்தேகப்படுவோரின் பெயரைச் சொல்ல வேண்டும். குற்றம் சாட்டுவதோடு அவர்கள் வேலை முடிந்தது. தீர்ப்பு தண்ணீர் கையில். ஆளைக் கட்டி, பாதிரியார் ஆசீர்வதித்த நீரில் இறக்குவார்கள். மூழ்கினால் நிரபராதி, மிதந்தால் குற்றவாளி. தப்பியவருக்கும் கெட்ட பெயர் இருந்தால் நாட்டைவிட்டே போக வேண்டும்! நினைத்தாலே மனம் பதறுகிறது.

1215 நவம்பரில் ரோமில் போப் மூன்றாம் இன்னொசென்ட் கூட்டிய லேட்டரன் திருச்சபை மாநாடு, இந்தச் சோதனைகளில் பாதிரியார்கள் பங்கேற்கத் தடை விதித்தது. ஆசீர்வாதம் இல்லையென்றால் சோதனையும் இல்லை. சரி, இனி எப்படித் தீர்ப்பு சொல்வது? 1219-ல் சிறுவனான மன்னர் மூன்றாம் ஹென்றியின் ஆலோசனைக் குழு, பெருங்குற்றச் சந்தேகமுள்ளவர்களைச் சிறையில் வையுங்கள் என்றது. மற்றபடி நீதிபதிகளின் அறிவுக்கே விட்டுவிட்டது. அவர்கள் கையில் இருந்ததோ அக்கம்பக்கத்து மனிதர்கள்தான். நிலத் தகராறுகளில் ‘இவனை அநியாயமாக வெளியேற்றினார்களா?’ என்று 12 பேரைக் கேட்பது ஏற்கெனவே வழக்கம். அதே மாதிரி, ‘இவன் குற்றவாளியா?’ என்று குற்ற வழக்கிலும் கேட்க ஆரம்பித்தார்கள். இந்த ஜூரிகள் சாட்சியம் கேட்டுத் தீர்ப்பு சொன்னவர்கள் அல்ல. ஊர் விஷயம் தெரிந்தவர்கள். விடையில் இதைக் கட்டாயம் எழுதுங்கள்.

அப்புறம், மேக்னா கார்ட்டாவை அடியோடு விட்டுவிட வேண்டாம். 39-க்குப் பதில் 18ஆவது பிரிவை எடுத்துக்காட்டுங்கள்: அந்த நிலவழக்கு விசாரணைகளை ஆண்டுக்கு 4 முறை ஒவ்வொரு கவுண்டியிலும் (மாவட்டம் போன்ற பகுதி) நடத்தச் சொல்வது அதுதான்.