ஆற்றல் பட்டை தூங்கினால் நிரம்பக் கூடாது

வணக்கம். எம்.இ./சி.எஃப்.எஸ். எனப்படும் நாட்பட்ட களைப்பு நோயுடன் வாழும் ஒருவரைப் பற்றிய உங்கள் வீடியோ விளையாட்டைச் சோதித்தவர்கள் எல்லோரும், கதாபாத்திரத்தைத் தூங்கவைத்து, அதன் மீதமுள்ள சக்தியைத் திரையில் காட்டும் ஆற்றல் பட்டையை நிரப்பிக்கொண்டு எளிதாகத் தாண்டிவிடுவதாக எழுதியிருந்தீர்கள். குறை அவர்களிடம் இல்லை. தூங்கினால் சரியாகிவிடும் என்ற விதியை வைத்தவர் நீங்கள். இந்நோயிலோ எவ்வளவு தூங்கினாலும் களைப்புத் தீராது என்பதே முதன்மையான அறிகுறிகளுள் ஒன்று.

அதைவிட முக்கியமானது, உழைப்புக்கும் விளைவுக்கும் இடையிலுள்ள தாமதம். சிறிய வேலைக்குப் பின் வரும் சரிவு பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்தே தொடங்கி, நாட்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் நீடிக்கும். ஆகவே துணி துவைத்த அன்றே பட்டையைக் குறைக்காமல், மறுநாளோ அதற்கடுத்த நாளோ முன்னறிவிப்பின்றிக் குறையுங்கள். குறையும் அளவும் ஒவ்வொரு முறையும் சற்றே மாறட்டும். பட்டையையே திரையிலிருந்து எடுத்துவிட்டால் இன்னும் நல்லது, ஏனெனில் நோயாளிக்கும் தன் ஆற்றல் இருப்பு எண்ணாகத் தெரிவதில்லை. மனச்சோர்வைப் பற்றி 2013இல் வெளிவந்த டிப்ரெஷன் குவெஸ்ட் என்ற விளையாட்டு, தேர்ந்தெடுக்க முடியாத வழிகளைக் குறுக்கே கோடிட்டு அடித்துக் காட்டியது. அந்த உத்தி உங்களுக்கும் பொருந்தும்.

உங்கள் விளையாட்டில் உடற்பயிற்சியால் பட்டை படிப்படியாக நீளும் கட்டத்தைத் தயங்காமல் நீக்கிவிடுங்கள். மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பே அத்தகைய பயிற்சிச் சிகிச்சையை இந்நோய்க்குப் பரிந்துரைப்பதை 2021இல் கைவிட்டது.

சோதிப்பவர்கள் இது நியாயமில்லை என்று முறையிட்டால், உடனே எளிதாக்கிவிடாதீர்கள். மாறாக, முந்தைய மூன்று நாட்களின் வேலைகளைக் கதாபாத்திரத்தின் நாட்குறிப்பில் காட்டுங்கள். தொடர்பை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.