எம்ப்ரியோ (கரு) வைத்த பிறகு படுத்தே இருக்க வேண்டுமா?

தருமபுரி பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். வயது 33, பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உண்டு. முட்டையையும் விந்தணுவையும் உடம்புக்கு வெளியே சேர்த்துக் கருவாக்கும் ஐ.வி.எஃப். சிகிச்சையில் ஐந்தாம் நாள் வரை வளர்ந்த மூன்று கருக்கள் கிடைத்தன, மூன்றையும் உறைய வைத்தார்கள். முதல் கருவை வைத்தும் தங்கவில்லை. மூன்றாம் நாள் மாடிப்படி ஏறியதுதான் காரணம் என்று வீட்டில் சொல்கிறார்கள், அவர் மனதிலும் அதுவே ஓடுகிறது. அடுத்த மாதம் மறுபடியும் டிரான்ஸ்ஃபர், அதாவது உறைய வைத்த கருவைக் கருப்பைக்குள் வைப்பது. அவர் கேட்பது இவை: எப்படித் தயாராவது, என்ன சாப்பிடுவது, மீதி இரண்டையும் சேர்த்து வைத்துவிடலாமா, பள்ளிக்கு 15 நாள் விடுப்பு போட வேண்டுமா?

முதலில் அந்த மாடிப்படியைப் பேசிவிடுவோம். அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு நீங்கள் அடுத்த டிரான்ஸ்ஃபருக்குப் போகக் கூடாது.

கருப்பை காலிப் பானை மாதிரி இருக்கும், அதற்குள் போட்ட கரு நடந்தால் கீழே விழுந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் கருப்பையின் முன்சுவரும் பின்சுவரும் ஒன்றோடொன்று ஒட்டியே இருக்கின்றன. வெண்ணெய் தடவிய இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்துவைத்து நடுவில் ஓர் எள்ளை வைத்துப் பாருங்கள். கையை ஆட்டினாலும் எள் விழாது. கருவோ எள்ளைவிடச் சின்னது, கால் மில்லிமீட்டர்கூட இருக்காது. படி ஏறுவதோ, பஸ்ஸில் போவதோ, தும்முவதோ அதை வெளியே தள்ளிவிடாது. ஸ்பெயினிலிருந்து 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், கரு வைத்ததும் 10 நிமிடம் படுக்க வைத்த பெண்களைவிட உடனே எழுந்து நடந்தவர்களுக்குத்தான் குழந்தை பிறந்த விகிதம் அதிகமாக இருந்தது. அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கமும் 2017-ல் தந்த வழிகாட்டுதலில் படுக்கை ஓய்வைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே சொன்னது. கருப்பையைத் தயார் செய்யும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் மாத்திரை எடுக்கும் காலத்தில் நாள் முழுக்கப் படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும்.

அப்படியானால் ஏன் தங்கவில்லை? பெரும்பாலும் காரணம் கருவுக்குள்ளேயே இருக்கிறது. மைக்ராஸ்கோப்பில் அழகாகத் தெரியும் கருவிலும் குரோமோசோம் எண்ணிக்கை தவறியிருக்கலாம். அது பெரும்பாலும் முட்டை உருவாகும்போதே நேர்ந்துவிடுவது. நீங்கள் செய்த எதனாலும் வந்ததில்லை. உங்கள் மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் எடுபடாது என்றால், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அவரையும் அழைத்துப் போய் டாக்டர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். என்னிடம் வருகிறவர்களுக்கும் நான் இதைத்தான் செய்கிறேன், நல்ல பலன் இருக்கிறது.

சரி, தயாரிப்புக்கு வருவோம். ஃபோலிக் ஆசிட் மாத்திரை ஏற்கெனவே போட்டுக்கொண்டிருப்பீர்கள், நிறுத்தாதீர்கள். தைராய்டும் சர்க்கரையும் சமீபத்தில் பார்க்கவில்லையென்றால் மருந்து தொடங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். பி.சி.ஓ.டி. உள்ளவர்களுக்குச் சர்க்கரை சத்தமில்லாமல் ஏறியிருக்கலாம். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரை எடுக்கிறீர்கள் என்றால் டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

கருப்பையின் உள்வரியை (கரு ஒட்டும் உட்படலத்தை) தயார் செய்ய இரண்டு வழிகள் உண்டு. மாதவிடாய் ஒழுங்காக வருகிறவர்களுக்கு, உடம்பு தானாக முட்டை வெளியிடும் நாளைக் கணக்கிட்டு அதற்கேற்பக் கருவை வைக்கலாம். உங்களைப் போல சுழற்சி தள்ளிப்போகிறவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரையால் உள்வரியை வளர்ப்பதுதான் பழக்கம். சில டாக்டர்கள் லெட்ரோசோல் கொடுத்து முட்டை வளரவைத்தும் செய்வார்கள். அப்படி முட்டை வெளிவந்தால் கருவை ஏற்க உள்வரியைப் பக்குவப்படுத்தும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனை உடம்பே கொஞ்சம் சுரக்கும், பின்னால் கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்பும் குறைவாக இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. உங்களுக்கு அது பொருந்துமா என்று கேட்டுப் பாருங்கள்.

மாத்திரை வழி என்றால், மாதவிடாயின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் தொடங்கி, 10 முதல் 14 நாள் கழித்து ஸ்கேன் எடுப்பார்கள். உள்வரி 7 மில்லிமீட்டருக்கு மேல், மூன்று கோடுகளாகத் தெரிந்தால் போதும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு 10 என்றும் உங்களுக்கு 7.8 என்றும் வந்தால் கலங்காதீர்கள். ரத்தக்கட்டி வந்த சரித்திரமோ, கண்முன் ஒளி மின்னும் ஒற்றைத் தலைவலியோ இருந்தால் மட்டும் மாத்திரை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது புரோஜெஸ்டிரோன். இந்தக் கடிதத்திற்குப் பதில் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். உள்வரி கருவை ஏற்கும் காலம் ரொம்பக் குறுகியது. முதல் டோஸ் புரோஜெஸ்டிரோன் உள்ளே போனதும் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. ஐந்து நாள் வயதான கருவுக்கு ஐந்து நாள் புரோஜெஸ்டிரோன் கண்ட உள்வரி வேண்டும். திங்கட்கிழமை தொடங்கினால் சனிக்கிழமை டிரான்ஸ்ஃபர். அதனால் "இன்று தொடங்குவதா, நாளையா, காலையா, இரவா" என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போனில் கேட்டு மனதில் வைத்துக்கொள்ளும் விஷயம் இல்லை இது. மாத்திரை வழியில் முட்டை வெளிவராததால் உங்கள் உடம்பு சொந்தமாகப் புரோஜெஸ்டிரோன் சுரக்காது, மொத்தமும் மருந்திலிருந்துதான் வர வேண்டும். ஒரு வேளை மறந்துவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள், நீங்களாக இரண்டு மடங்கு வைக்காதீர்கள். டிரான்ஸ்ஃபரை ஒட்டி ரத்தத்தில் இதன் அளவைப் பார்ப்பார்களா என்றும் கேளுங்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 10 நானோகிராமுக்குக் குறைவாக இருந்தால் பல டாக்டர்கள் ஊசியையும் சேர்ப்பார்கள்.

பிறப்புறுப்புக்குள் வைக்கும் புரோஜெஸ்டிரோன் மாத்திரையைப் பள்ளி நேரத்தில் வைப்பது உங்களுக்குச் சிரமமாக இருக்கும். காலை கிளம்பும் முன், மாலை வந்ததும், இரவு படுக்கும் முன் என்று அமைத்துக்கொள்ள முடியுமா என்று பேசுங்கள். ஊசிக்கு மாறவும் வழி உண்டு. வெயிலில் நிற்கும் வண்டியின் டிக்கியில் மருந்தை வைக்காதீர்கள். வைத்த பிறகு வெள்ளையாகக் கசிவது மருந்தின் மாவுதான். "கரு கரைந்து வருகிறதோ" என்று அழுதுகொண்டே போன் செய்தவர்களை எனக்குத் தெரியும், அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

டிரான்ஸ்ஃபர் அன்று தலையில் மல்லிகைப்பூ வேண்டாம், சென்ட் வேண்டாம், கணவருக்கும் சேர்த்துத்தான். காற்றில் கலக்கும் வாசனைப் பொருள்கள் கருக்களை வைத்திருக்கும் ஆய்வகத்திற்கு ஆகாது. சிறுநீர்ப்பை ஓரளவு நிரம்பியிருந்தால் ஸ்கேனில் கருப்பை நன்றாகத் தெரியும், கருவை வைக்கும் குழாயும் சுலபமாக நுழையும். அடக்க முடியாமல் துடிக்கும் அளவுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டியதில்லை. மயக்க மருந்து பெரும்பாலும் தேவைப்படாது, சில நிமிட வேலைதான். முடிந்ததும் கழிப்பறைக்குப் போகலாம், கரு வராது.

ஒன்றா, இரண்டா? உங்கள் வயதுக்கு ஒன்றுதான் என் பதில். 36 வயதுக்குக் குறைந்த பெண்களை வைத்து ஸ்காண்டிநேவிய நாடுகளில் நடந்து 2004-ல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒரு கருவை வைத்து, தங்காவிட்டால் உறைந்த இன்னொன்றை வைத்த பிரிவில் 38.8 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. இரண்டையும் ஒரேயடியாக வைத்த பிரிவில் 42.9 சதவீதம். ஆனால் இரட்டைப் பிரசவமோ முதல் பிரிவில் 0.8 சதவீதம், இரண்டாவதில் 33.1 சதவீதம். இரட்டை என்றால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். குறைமாதத்தில் பிறந்து வாரக்கணக்கில் இன்குபேட்டரில் கிடக்கும் குழந்தைகளைப் பார்த்த எனக்கு அந்தச் சந்தோஷம் சுலபமாக வருவதில்லை.

சாப்பாட்டில் ஒன்றும் மாற்ற வேண்டாம். அன்னாசித் தண்டு கருவை ஒட்ட வைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கீரை, பருப்பு, முட்டை, பழம் என்று வழக்கமாகச் சாப்பிடுங்கள், மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், புரோஜெஸ்டிரோன் அதைக் கொண்டுவரும். கருப்பையைச் சுரண்டிவிடுவது, உள்வரி ஏற்கும் நேரத்தைக் கண்டுபிடிக்கும் 'ஈ.ஆர்.ஏ.' பரிசோதனை என்று கூடுதல் பட்டியல் தந்தால், யோசித்துப் பணம் கட்டுங்கள். 2019-ல் சுரண்டலைப் பற்றியும், 2022-ல் ஈ.ஆர்.ஏ. பற்றியும் வந்த பெரிய ஆய்வுகளில் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடவில்லை.

டிரான்ஸ்ஃபருக்குப் பிறகு 10 முதல் 14 நாளில் கர்ப்பம் தங்கியதா என்று பார்க்கும் பீட்டா எச்.சி.ஜி. ரத்தப் பரிசோதனை இருக்கும். நடுவில் சொட்டுச் சொட்டாக ரத்தம் பட்டால் "எல்லாம் போய்விட்டது" என்று மருந்தை நிறுத்திவிடாதீர்கள். ரத்தம் பட்டும் கர்ப்பம் நிலைத்தவர்கள் நிறைய உண்டு. நின்றுபோன புரோஜெஸ்டிரோன்தான் நல்ல கர்ப்பத்தையும் கெடுக்கும். பாசிட்டிவ் வந்தால் டாக்டர் சொல்லும் வரை, பெரும்பாலும் கர்ப்பத்தின் 10 முதல் 12 வாரம் வரை மருந்து தொடரும். பாசிட்டிவ் வந்த பிறகு ஒரு பக்க அடிவயிற்றில் கடுமையான வலியோ மயக்கமோ வந்தாலும், எப்போதானாலும் ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தாலும், காலை வரை காத்திராமல் அன்றே போய்ப் பாருங்கள்.

அப்புறம் விடுப்பு. 15 நாள் வேண்டாம். வீட்டில் தனியாகப் படுத்துக்கொண்டு ஒவ்வொரு வலியையும் எண்ணிக்கொண்டிருப்பதைவிட வகுப்பில் பிள்ளைகளோடு இருப்பது நல்லது. டிரான்ஸ்ஃபர் அன்று ஒரு நாள், பயணக் களைப்பு இருந்தால் மறுநாளும். ரத்தப் பரிசோதனை முடிவு வரும் அன்று கட்டாயம் ஒரு நாள் போடுங்கள். கணவரையும் அன்று வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தப் போனை நீங்கள் வகுப்பறை வாசலில் நின்று எடுக்கக் கூடாது.