திருகோணமலைப் பொடியன்கள் லிவர்பூலுக்காக ஏன் சண்டை பிடிக்கிறார்கள்?

இங்கிலாந்துப் பக்கமே போகாதவன், அந்த நாட்டு உதைபந்தாட்ட அணியான மான்செஸ்டர் யுனைடெட் தோற்றால் ஏன் சாப்பிடாமல் படுக்கிறான் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் லிவர்பூல், மான்செஸ்டர் என்ற அந்த இரண்டு ஊர்களுக்கும் உள்ள பகை. லிவர்பூல் துறைமுகத்துக்குக் கட்டணம் கட்டிச் சலித்துப்போன மான்செஸ்டர்க்காரர்கள் தாங்களே ஒரு கப்பல் கால்வாய் வெட்டி 1894இல் திறந்தார்கள். கப்பல்கள் லிவர்பூலில் நிற்காமல் நேரே உள்ளே போயின. வயிற்றில் அடித்த கோபம் அது. துறைமுக ஊர்க்காரரான நமக்கு இது விளங்காமலா போகும்?

சரி, அந்தக் கால்வாயோடு நமக்கு ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லையே? பக்கம் பிரியப் பெரிய காரணம் வேண்டியதில்லை. 1970களின் தொடக்கத்தில் உளவியலாளர் ஹென்றி தாஜ்பெல் பள்ளி மாணவர்களை ஒன்றுக்கும் உதவாத ஓர் அடையாளத்தை வைத்து இரண்டாகப் பிரித்தார். காசு பங்கிடச் சொன்னதும், ஆள் யாரென்று தெரியாமலே தங்கள் பக்கத்துக்குக் கூடக் கொடுத்தார்கள். இங்கே அண்ணன் யுனைடெட் என்றால் தம்பி வேண்டுமென்றே லிவர்பூல். அப்புறம் சட்டை, சனிக்கிழமை இரவு எட்டரை மணி ஆட்டம், தோற்றவனுக்கு விடியும்வரை வாட்ஸ்அப்பில் கேலி.

எனக்குப் பிடித்தது 2005இல் வெளியான லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு. யுனைடெட் ரசிகர்களுக்கு எதிரே ஒருவன் தடுக்கி விழுவதுபோல் நடித்தான். அவன் லிவர்பூல் சட்டை போட்டிருந்தால் அவர்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் முன்கூட்டியே அவர்களிடம், யுனைடெட் ரசிகர்கள் என்றில்லாமல் பொதுவாக உதைபந்தாட்ட ரசிகர்கள் என்று பேச்சுக் கொடுத்தபோது, அதே சட்டைக்காரனுக்கும் ஓடிப்போய் உதவினார்கள். ஏகாம்பரம் மைதானத்தில் நம்மூர் அணி ஆடும்போது அந்த அண்ணனும் தம்பியும் ஒன்றாக நின்று நடுவரைத் திட்டுவதும் இதனால்தான்.