டிடி ஊசி போட்டு எட்டு மாதம் ஆகிறது. கேட் கீறியதற்கு மறுபடியும் போட வேண்டுமா?

வேண்டாம். துருப்பிடித்த கேட் கையைக் கீறிவிட்டது, போன ஊசி போட்டு எட்டு மாதம் ஆகிறது, ஆறு மாதம்தான் தாங்கும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். டிடி என்பது தாடை இறுகிப்போகிற ரணஜன்னி (டெட்டனஸ்) வராமல் தடுக்கிற ஊசி. சின்ன வயதில் ஊசியெல்லாம் ஒழுங்காகப் போட்டவர் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் சுத்தமான சின்னக் காயத்துக்கு 10 வருடம் தாங்கும். மண், சாணம் பட்ட காயமோ ஆழமாகக் குத்தியதோ என்றால் 5 வருடக் கணக்கு. சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள், போதும்.

நான் டாக்டர் இல்லை. பெங்களூரு பீன்யாவில் லேத் பட்டறை சூப்பர்வைசர். பிசிறு குத்தாத ஆள் எங்கள் பட்டறையில் கிடையாது. ஒவ்வொரு கீறலுக்கும் ஓடிப்போய் டிடி போட்டுக்கொண்டு, அப்புறம் புஜம் வீங்கி மெஷினைத் திருப்ப முடியாமல் நிற்கிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். அடிக்கடி போட்டால் ஊசி போட்ட இடம் அப்படித்தான் வீங்குமாம். 'ஊசிக்கு எதிரி' என்று முத்திரை குத்த வருகிறவர்கள் முழுக்கப் படித்துவிட்டு வரவும். ஊசி போடச் சொல்லித்தான் மீதியை எழுதுகிறேன்.

என் அப்பா தர்மபுரிப் பக்கம் மாடு கன்று என்று இருந்தவர். வயதான பிறகு அம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஓனர் மாடி எடுத்துக்கொண்டிருந்த சமயம், சென்ட்ரிங் பலகை எல்லாம் வாசலில் மண்ணோடு கிடந்தது. அதிலிருந்த ஆணி ரப்பர் செருப்பைத் துளைத்து அப்பாவின் பாதத்தில் ஏறிவிட்டது. தெருமுனை கிளினிக்கில் ஒரு டிடி போட்டு அனுப்பிவிட்டார்கள். நானும் முடிந்தது என்றுதான் நினைத்தேன். அம்மாதான் கேட்டார்: "நீ வயித்துல இருக்கும்போதே எனக்குப் போட்டாங்க. இவருக்கு யாரு போட்டது?"

யாரும் போடவில்லை. நாடு முழுக்க எல்லாக் குழந்தைகளுக்கும் என்று தடுப்பூசித் திட்டம் வந்தது 1985-இல். அதற்கு முன்னால் கிராமத்தில் பிறந்த ஆண்கள் நிறையப் பேர் ஒரு ஊசிகூடப் போடாதவர்கள். பெண்களுக்காவது பிரசவத்தை ஒட்டிப் போட்டிருப்பார்கள்.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த டாக்டர் அம்மா, எப்போது போட்டீர்கள் என்று கேட்கவில்லை. இதுவரை மூன்று தடவையாவது போட்டிருக்கிறாரா என்றார். இல்லையென்றதும் இம்யூனோகுளோபுலின் என்று வேறொரு ஊசி போட்டார். முதல் தடவை போடுகிறவருக்கு டிடி வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். ரணஜன்னியோ பெரும்பாலும் 3 நாளிலிருந்து 21 நாளுக்குள் வந்துவிடும். அதுவரை காப்பாற்றத்தான் தயாராக எதிர்ப்புச் சக்தியுள்ள அந்த மருந்து. டிடியைவிட விலை அதிகம்தான், ஆனால் தாடை இறுகிப் படுத்தால் ஐசியுவில் வாரக்கணக்கில் கிடக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து இரண்டாவது டிடி, அதிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் விட்டு மூன்றாவது. அப்பா முனகிக்கொண்டே போட்டுக்கொண்டார்.

அந்த ஓனர் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. காலி செய்தபோது பத்து மாத அட்வான்சில் ஒரு மாத வாடகையைப் பெயிண்டிங் சார்ஜ் என்று பிடித்துக்கொண்டார். நாங்கள் குடிவந்தபோதே சுவர் உதிர்ந்துகொண்டுதான் இருந்தது! சம்பந்தமில்லாத பேச்சுதான், எழுதாமல் இருக்க முடியவில்லை.

துரு விஷயம். துருவில் ஒன்றும் இல்லை. கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது, காற்றுப் படாத ஆழத்தில்தான் வளரும். உங்கள் கேட் மேலாகக் கீறியது, அப்பாவுக்கு மண்ணோடு உள்ளே இறங்கியது. ஆணி பளபளவென்று புதிதாக இருந்திருந்தாலும் இதே வைத்தியம்தான்.

'எங்கள் தாத்தா சாணியை அப்பிக்கொண்டே நூறு வயது இருந்தார்' என்று எழுத யாராவது வருவார்கள். இருந்திருக்கட்டும். நீங்கள் அப்பாதீர்கள்.