மின்னூல் கருவி இருந்தும் அச்சுப் புத்தகத்தை ஏன் விரும்புகிறீர்கள்?

நான்கு ஆண்டுகளாக அமேசானின் கிண்டில் என்ற மின்னூல் கருவியை வைத்திருக்கிறேன். அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு என் அம்மா எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு மீண்டும் நாவல் படிக்கத் தொடங்கியது அதில்தான். ஆனாலும், திரும்பத் திரும்பப் படிக்கப்போகும் நூல் என்று தோன்றினால் அச்சுப் பிரதியைத்தான் வாங்குகிறேன். காரணத்தை என்னிடமுள்ள ஒரு புத்தகத்தைக் கொண்டே சொல்கிறேன்.

எழுபதுகளின் இறுதியில் என் அப்பா, சென்னை மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடையொன்றில் சங்கப் பாடல்களுக்கான உரைநூல் ஒன்றை வாங்கினார். (அந்தக் கட்டடம் 1985இல் தீக்கிரையானது.) முதல் தாள் கிழிந்திருந்ததால், அதற்கு முன் அந்நூல் யாரிடம் இருந்தது என்பது தெரியவில்லை. அந்த முகமறியாத வாசகர் ஓர் அடியின் உரைக்கு அருகே, நீல மையில், நுணுக்கமான கையெழுத்தில் ‘இப்பொருள் பொருந்துமா?’ என்று கேட்டிருந்தார். அதற்கு நேர்கீழே அப்பா பென்சிலால் ‘பொருந்தும், பக்கம் 112 காண்க’ என்று எழுதியிருந்தார். அப்பா காலமான பிறகு ஒரு மாலையில் நான் 112ஆம் பக்கத்தைப் புரட்டினேன். அங்கே வேறொரு பாடலில் அதே சொல் அதே பொருளில் வந்திருந்தது. அதன்கீழ் மெல்லியதாக ஒரு கோடு. அவர் அருகில் அமர்ந்து பாடம் சொல்லியது போலவே இருந்தது.

கருவியிலும் குறிப்பு எழுதலாம் என்பது உண்மைதான். ஆனால் எழுத்தின் அளவை மாற்றினால் வரிகள் இடம் மாறிவிடுகின்றன. ‘இடப்பக்கத்தின் அடியில், கடைசிக்கு முந்தைய வரி’ என்று கண்ணுக்குள் நிற்கும் நினைவுக்கு அங்கே இடமில்லை. மேலும், நாம் பணம் கொடுத்துப் பெறுவது பெரும்பாலும் படிக்கும் உரிமம் மட்டுமே. 2009 ஜூலையில், விற்றவருக்கு உரிமை இல்லை என்பதற்காக ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களை அமேசான் நிறுவனம் வாசகர்களின் கருவிகளிலிருந்தே நீக்கியது. பணம் திருப்பித் தரப்பட்டது, நிறுவனம் மன்னிப்பும் கேட்டது. எனினும், பாடத்துக்காக அதில் குறிப்பெடுத்து வைத்திருந்த ஒரு மாணவருக்கு, மூலநூல் மறைந்துவிட்டதால், அந்தக் குறிப்புகள் எந்த வரியைச் சுட்டின என்பதே தெரியாமல் போயிற்று. விலை கொடுத்து வாங்கிய பிரதியை யாரும் அலமாரியிலிருந்து எடுத்துச் செல்ல முடியாது என்ற உறுதி எனக்கு வேண்டும்.

அச்சுப் புத்தகமும் அழியக்கூடியதே. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் ஜாபர்கான்பேட்டையில் இருந்த எங்கள் வீட்டுக்குள் புகுந்தபோது, அலமாரியின் கீழ்த்தட்டு முழுவதும் நீரில் மூழ்கியது. வழுவழுப்பான தாளில் அச்சான ஓவிய நூல்கள் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டதால் அவற்றைப் பிரிக்கவே முடியவில்லை. அந்த உரைநூலும் நனைந்துவிட்டது. பக்கங்களுக்கிடையே செய்தித்தாளை வைத்து, ஈரம் ஊறிய தாளை மாற்றி மாற்றி, மின்விசிறிக் காற்றில் பத்து நாள் உலர்த்தினேன். நீல மை கரைந்து, அந்தக் கேள்வி வெறும் கறையாகிவிட்டது. அப்பாவின் பென்சில் எழுத்து மட்டும் அப்படியே நிற்கிறது. அவர் எதற்குப் பதில் சொன்னார் என்பது இனிப் படிப்பவருக்கும் விளங்க வேண்டுமே என்று, கறையின் ஓரத்தில் அந்தக் கேள்வியை நான் பென்சிலால் மீண்டும் எழுதி வைத்திருக்கிறேன்.