கேமரா கேள்வி-பதில்: முகூர்த்தத்துக்கு எந்த மிரர்லெஸ், எந்த லென்ஸ்?

கே: கல்யாண வீடியோ எடுக்கிறேன். சோனி இசட்வி-இ10, கேனான் ஆர்50 இரண்டில் ஒன்றை கிட் லென்ஸோடு வாங்க நினைக்கிறேன். எது நல்லது?
– வாசகர், கும்பகோணம்

ப: எந்த பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) என்பதைவிட, 'கிட் லென்ஸோடு', அதாவது பெட்டியில் சேர்ந்து வரும் லென்ஸோடு என்கிறீர்களே, அதுதான் கவலை. ஆர்50-க்கு வரும் 18-45 லென்ஸை 45-க்கு ஜூம் செய்தால் அப்பர்ச்சர் (வெளிச்சம் புகும் துளை; எண் கூடினால் துளை சிறிது) எஃப் 6.3 ஆகிவிடும். அதே இடத்தில் எஃப் 2.8 லென்ஸ் ஐந்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். விடியற்காலை முகூர்த்தம், மண்டபத்தில் அரைகுறை வெளிச்சம் என்றால் கிட் லென்ஸில் ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும் அளவு) 6400 தேவைப்படும், எஃப் 2.8-இல் 1250 போதும். 6400-இல் என்ன ஆகும்? புடவை ஜரிகை கோடு கோடாகத் தெரியாமல் மஞ்சள் திட்டாகக் கலங்கும்; மாப்பிள்ளையின் கறுப்புத் தலைமுடியில் புள்ளிகள் ஊரும். பாடியை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது.

இப்போது பாடிக்கு வருவோம். ஆர்50 சென்சாரின் முழு அகலத்தையும் 6கே அளவில் வாசித்து 4கே ஆகச் சுருக்குகிறது, படம் கூர்மை. ஆனால் ஹெட்போன் துளை கிடையாது, ஒரு கிளிப் ஒரு மணி நேரத்தில் நின்றுவிடும். இசட்வி-இ10-இல் 4கே, நொடிக்கு 30 ஃப்ரேமில் படம் 1.23 மடங்கு வெட்டுப்படும். 25 ஃப்ரேமில் முழு அகலமும் கிடைக்கும். நம் ஊருக்கு 25-தான் சரி (ஏன் என்பது கீழே). கேமராவைச் சட்டென்று திருப்பினால் மண்டபத் தூண்கள் சாய்ந்து தெரியும். மெதுவாகத் திருப்பப் பழகுங்கள். ஹெட்போன் துளை இருக்கிறது. கல்யாண வேலைக்கு அது ஒன்றுக்காகவே எங்கள் ஓட்டு இதற்கு.

இரண்டு பாடியிலும் கை ஆட்டத்தைச் சமன்செய்யும் வசதி சென்சாரில் இல்லை. ஆகவே கையில் பிடித்து எடுப்பவர் என்றால் ஸ்டெபிலைசர் உள்ள டாம்ரான் 17-70 எஃப் 2.8 வாங்குங்கள். ட்ரைபாட் வைத்து எடுப்பவருக்கு சிக்மா 18-50 எஃப் 2.8 போதும், எடை குறைவு, ஆனால் ஸ்டெபிலைசர் இல்லை. இந்த சிக்மா கேனான் ஆர்எஃப் மவுன்ட்டுக்கும் (ஆர்50-இல் லென்ஸ் மாட்டும் வாய்) 2024-இல் வந்துவிட்டது. டாம்ரான் 17-70 அப்போது அதற்கு வரவில்லை. பணம் இடித்தால் பாடியை செகண்ட் ஹேண்டில் வாங்கி, லென்ஸைப் புதிதாக வாங்கலாம்.

சோனி வாங்கினால் முதல் நாளே மெனுவில் ஆட்டோ பவர் ஆஃப் டெம்ப் என்பதை 'ஹை'-இல் வையுங்கள். வைகாசி வெயிலில் அது இல்லாவிட்டால் பாதியில் அணைந்துவிடும். பேட்டரி சிறியது, யு.எஸ்.பி. வழியாக பவர் பேங்க் கொடுத்து ஓட்டலாம்.

கே: கொஞ்சம் கூடப் போட்டு ஃபுல் ஃப்ரேம் வாங்கிவிடலாமா? சோனி ஏ7-4, பானசோனிக் எஸ்5-2 பார்த்து வைத்திருக்கிறேன்.
– வாசகர், மன்னார்குடி

ப: ஃபுல் ஃப்ரேம் என்கிற பெரிய சென்சாருக்காக வேண்டாம், இரண்டு கார்டு ஸ்லாட்டுக்காக வாங்கலாம். தாலியை மறுபடி கட்டச் சொல்ல முடியாது. ஒரே காட்சி இரண்டு கார்டிலும் ஏறினால் ஒன்று கெட்டாலும் தப்பிக்கலாம். நீள ரெக்கார்டிங் என்றால் எஸ்5-2. உள்ளே ஃபேன் இருக்கிறது. 4கே 60-க்குப் போனால் இரண்டிலுமே படம் 1.5 மடங்கு வெட்டுப்படும் என்பதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். கார்டு வி60 (எழுதும் வேகத்தைக் காட்டும் குறி) வாங்குங்கள். நொடிக்கு 100 மெகாபிட் என்றால் மணிக்கு 45 ஜி.பி. ஆகும், 128 ஜி.பி. கார்டு இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேலே தாங்கும்.

கே: மண்டபத்தில் எடுத்த வீடியோவில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடுகின்றன. கேமரா கோளாறா?
– வாசகர், திருவாரூர்

ப: கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. உங்கள் ஷட்டர் 1/60-இல் இருந்திருக்கும். மெனுவில் என்.டி.எஸ்.சி.யை (60 ஹெர்ட்ஸ் நாடுகளின் முறை) பி.ஏ.எல். (50 ஹெர்ட்ஸ் முறை) ஆக்கி, 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 வையுங்கள், 1/100-ம் பொருந்தும். சீரியல் செட்டும் மேடை எல்.இ.டி. திரையும் மட்டும் வேறு வேகத்தில் துடிக்கலாம். ஷட்டரை நுணுக்கமாக நகர்த்தும் வசதி இருந்தால் பட்டை நிற்கும்வரை நகர்த்துங்கள். இல்லையென்றால் திரையை ஃப்ரேமுக்கு வெளியே தள்ளுங்கள்.

1/50-ஐ வெயிலில் பிடித்துவைக்க என்.டி. ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) வேண்டும். ஆடிப்பெருக்கு உச்சிவெயிலில் படித்துறையில் எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. 100 என்றால் ஆறு ஸ்டாப் குறைக்க வேண்டும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதி), அதாவது என்.டி. 64. வேரியபிள் (திருகி அளவை மாற்றும்) என்.டி.யை ஒரேயடியாகத் திருகினால் வைட் லென்ஸில் குறுக்கே பெருக்கல் குறிபோல நிழல் விழும். டாம்ரான் 17-70-க்குப் பொருந்தும் 67 மி.மீ. ஒன்று வாங்கி, 55 மி.மீ. முகம் உள்ள சிக்மாவுக்கு ஸ்டெப்-அப் வளையம் போட்டுக்கொள்ளுங்கள்.

கே: இசட்வி-இ10-இல் எஸ்-லாக் போட்டு எடுக்கலாமா?
– வாசகர், பாபநாசம்

ப: வேண்டாம். எஸ்-லாக் என்பது பிறகு கலர் ஏற்றுவதற்காக வெளிறிப்போனதுபோல் பதிவு செய்யும் முறை. இது 8-பிட் கேமரா, கலர் படிகள் குறைவு. நாற்றங்காலுக்கு மேலே விடியும் வானத்தை எடுத்து கலர் ஏற்றிப் பாருங்கள், படிக்கட்டு படிக்கட்டாக உடையும். லாக் வேண்டுமென்றால் 10-பிட் உள்ள ஏ6700 அல்லது இசட்வி-இ10-2.

கே: கெட்டிமேளம் கொட்டும்போது சத்தம் கிழிகிறது. அதற்குப் பிறகு ஐயர் மந்திரமே கேட்பதில்லை. நல்ல மைக் வாங்கினால் சரியாகுமா?
– வாசகர், மயிலாடுதுறை

ப: இரண்டு தனித்தனிக் கோளாறுகள். மந்திரம் காணாமல் போவது ஆட்டோ லெவலின் வேலை: தவில் அதிரும்போது ஒலியைக் கீழே அமுக்குகிறது, மேலே வர நேரம் எடுக்கிறது. அதை மேனுவலுக்கு மாற்றுங்கள். முகூர்த்தத்துக்கு முன்பே மேளக்காரர்களிடம் ஒருமுறை கெட்டிமேளம் கொட்டச் சொல்லிக் கேட்டு, உச்சம் −12 டெசிபெல்லில் நிற்கும்படி வைத்துவிட்டு, பிறகு தொடாதீர்கள்.

கிழிசல் பெரும்பாலும் மைக் இருக்கும் இடத்தால் வருகிறது. நாகஸ்வரத்தின் அணசுக்கு (விரிந்த அடிவாய்) நேர் எதிரே நிற்காதீர்கள். தவிலில் கூடு போட்ட விரல்கள் விழும் வலந்தலைப் பக்கம்தான் குத்தும். பக்கவாட்டில் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நில்லுங்கள். 32-பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் (எவ்வளவு பெரிய சத்தத்தையும் பதியும் வகை) காப்பாற்றும் என்பார்கள். மைக்கின் உள்ளேயே ஒலி உடைந்துவிட்டால் அதனாலும் முடியாது.

ஐயருக்குத் தனியாகச் சட்டை மைக் மாட்டி, வேறு ரெக்கார்டரில் ஏற்றுங்கள். மைக்செட்காரரின் மிக்ஸரிலிருந்து லைன் (வெளியே வரும் ஒலி) வாங்கி நேராக கேமராவின் மைக் துளையில் செருகுவது பலர் செய்யும் வேலை. லைன் சிக்னல் மைக் சிக்னலைவிட நூறு மடங்குக்கு மேல் வலுவானது; கேமராவில் லெவலைப் பூஜ்யம்வரை இறக்கினாலும் கிழியும். நடுவே 40 டெசிபெல் குறைக்கும் அட்டென்யுவேட்டர் கேபிள் போட வேண்டும். ஹெட்போன் துளை உள்ள பாடியைச் சொன்னது இதற்காகத்தான்: செருகிய உடனே காதில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கே: ஐப்பசி, கார்த்திகை மழையில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கிறது. பீரோவில்தான் வைக்கிறேன்.
– வாசகர், வேதாரண்யம்

ப: பீரோவும், கேமராவோடு வந்த பையும்தான் பூஞ்சைக்கு வீடு. காற்றுப்புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, நிறம் மாறும் சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி ஆகிய மூன்றும் போதும். ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் நிற்கட்டும். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து மறுபடி போடலாம். உங்கள் ஊரில் உப்புக் காற்று வேறு. வேலை முடிந்ததும் லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் பாடியைத் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். ஏ.சி. காரிலிருந்து இறங்கியதும் பையைத் திறக்காமல் அரை மணி விடுங்கள். பூஞ்சை ஏற்கெனவே உள்கண்ணாடியில் இருந்தால் வெயிலில் காய வைப்பதால் போகாது. சர்வீஸில் பிரித்துத்தான் துடைக்க வேண்டும். அதுவரை அந்த லென்ஸை மற்றவற்றோடு ஒரே டப்பாவில் வைக்காதீர்கள்.